நம்ம கம்பெனி ஆள்

வண்ணாரப்பேட்டையில் எடுத்த உன் புதுச் சட்டையை அம்மா நேற்றே அலசிக் கஞ்சி போட்டுக் கொடியில் மாட்டிவிட்டாள். உள்ளே ஆள் இல்லாமலேயே அது சூப்பர்வைசர் மாதிரி விறைப்பாக நிற்கிறது. திங்கட்கிழமை காலை நீ அதைப் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாக நான் நுழைகிற அதே வாசலில் நுழையப் போகிறாய். வாசல்தான் ஒன்று. உள்ளே போனதும் எனக்கு டோக்கன் ஜன்னல், உனக்கு மாடிப்படி. இந்த நேரத்தில் ஒரு தகப்பன் ஆசீர்வாதம் எழுத வேண்டும். உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு ஆசீர்வாதம் வரவில்லை. சந்தேகம்தான் வருகிறது. வருவதையே எழுதுகிறேன்.

வேலை உத்தரவை நீ கொண்டுவந்த அன்று அம்மா அதைச் சாமி படத்தின் முன் வைத்துக் குங்குமம் தொட்டு வைத்தாள். நான் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று தடவை படித்தேன். என் இங்கிலீஷ் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றது. மிச்சமெல்லாம் பெட்டி மேல் ஒட்டிய லேபிளிலும் நோட்டீஸ் போர்டிலும் படித்தது. அதனால் விரலை வைத்து நகர்த்தி நகர்த்தித்தான் படிப்பேன். "இன்னா நைனா, கடுதாசியில பேன் பாக்கறியா?" என்று நீ சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். பேன் இருந்தது. ஒரே பக்கத்தில் கம்பெனி என்ற சொல் பதினோரு இடத்தில் இருந்தது. கம்பெனியின் நலன், கம்பெனியின் ரகசியம், கம்பெனி விரும்பினால் எப்போது வேண்டுமானாலும். உன் பெயர் இரண்டே இடத்தில்.

அதைக்கூட விட்டிருப்பேன். சாப்பிடும்போது நீ இன்னொன்று சொன்னாய். "இன்டர்வியூ முடிஞ்சி சூப்ரண்டு என் கையப் புட்ச்சிக் குலுக்கினாரு நைனா. உங்கப்பா நம்ம கம்பெனி ஆளுன்னாரு." நீ பெருமையாகச் சொன்னாய். நான் தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன். குழம்பில் உப்பு குறைந்துவிட்டதோ என்று அம்மா கேட்டாள். உப்பு சரியாக இருந்தது. அந்த சூப்பரின்டெண்ட் முன்பு எங்கள் வார்ப்புப் பட்டறையில் போர்மேன். அவர் என்னை எதற்காக அப்படிச் சொன்னார் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர் ஒருவர், நான் ஒருவன், மூன்றாவது ஆள் துலுக்காணம். திங்கட்கிழமைக்கு முன் நாலாவது ஆளாக நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். என் வயதில் அதை எத்தனை வேஷத்தில் பார்த்துவிட்டேன். என் தாத்தா காலத்து ஆட்கள் அதைக் கும்பினி என்பார்கள். இங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் கோட்டை கட்டிக்கொண்டு, மிளகும் துணியும் வாங்க வந்தவன் ஊரையே வாங்கிக்கொண்ட கதை அது. மூட்டை தூக்க வந்த எங்கள் ஜனம் அன்று தூக்கியதை இன்னும் இறக்கவில்லை. பிறகு நான் சின்னப் பையனாக இருந்தபோது கொட்டகை போட்டு ராஜா வேஷம் கட்டிய நாடகக் கம்பெனி வந்தது. அதில் ராஜாவுக்கும் சேவகனுக்கும் திரைக்குப் பின்னால் ஒரே அடுப்பில்தான் சோறு. பக்கத்து வீட்டு எத்திராஜ் யுத்தத்துக்குப் போய் பர்மாவிலிருந்து கடிதம் போட்டான். தன் பெயருக்குக் கீழே ஏதோ ஓர் எழுத்தும் கம்பெனி என்றும் போட்டிருந்தான். அங்கே அது நூறு சிப்பாய்களின் பெயர். அவனும் திரும்பவில்லை, அந்தக் கம்பெனியில் பாதியும் திரும்பவில்லை. நீயே போன மாதம் உன் சிநேகிதனிடம் மாட்னிக்குக் கம்பெனி கொடுக்கிறாயா என்று கேட்டதைக் கேட்டேன். அங்கே அது தோஸ்து. கடையில் போனால் நல்ல சாமான் எல்லாம் கம்பெனி சாமான். இப்படி ஒரே ஆள் இத்தனை சட்டை மாற்றிக்கொண்டு திருவொற்றியூர் ஹைரோட்டில் திரிந்தால் போலீஸ்காரன் நிறுத்தி விசாரிப்பான். சொல்லாய்ப் போனதால் யாரும் விசாரிப்பதில்லை. நம் வாசல் போர்டில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் லிமிடெட் என்று ஒரு வாலும் உண்டு. அதன் அர்த்தத்தை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நஷ்டம் வந்தால் ஒரு அளவுக்கு மேல் அவர்கள் பொறுப்பில்லையாம். நம் காலில் இரும்புக் குழம்பு கொட்டினால் அதற்கு அளவு கிடையாது. எலும்புவரை போகும்.

இப்போது எங்கள் சோற்றுப் பேசின் கதைக்கு வருகிறேன். எங்கள் பட்டறையில் பத்து மோல்டர்கள். மணலில் அச்சு எடுப்பதும், உலை கொதித்ததும் குழம்பைக் கரண்டியில் பிடித்து ஊற்றுவதும் எங்கள் வேலை. மதியம் சங்கு ஊதினால் மணல் மேட்டு நிழலில் உட்காருவோம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. நீயும் அம்மாவும் அவள் அண்ணன் வீட்டில் இருந்தீர்கள். ஓட இடமில்லாதவர்கள் மட்டும் வேலைக்கு வந்தோம். அரிசி கிடைக்கவில்லை. ஒருவன் தூக்குச் சட்டியில் வெறும் கஞ்சி, ஒருவனிடம் சோளச் சோறு, கடல்காரன் துலுக்காணத்திடம் மீன் குழம்பு மட்டும் நிறைய. அவன் திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன். கட்டுமரம் உடைந்து பட்டறைக்கு வந்தவன். ஒருநாள் அவன் ஸ்டோரில் கிடந்த ஓட்டையில்லாத எனாமல் பேசினைக் கழுவிக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். எல்லாருடைய சோற்றையும் அதில் கொட்டச் சொன்னான். கலந்து ஆளுக்கு ஒரு உருண்டை.

வியாசர்பாடி முனுசாமி மட்டும் தன் தூக்கை மூடியபடி தள்ளி உட்கார்ந்திருந்தான். அந்தக் காலத்தில் பட்டறையில் தண்ணீர்ப் பானையே இரண்டு. இரண்டாவது பானை முனுசாமிக்கும் அவன் ஜனத்துக்கும். கம்பெனி வைத்த பானைகள்தான், ஆனால் எந்தப் பானை யாருக்கு என்று கம்பெனி சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அது எங்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. துலுக்காணம் எழுந்துபோய் முனுசாமியின் தூக்கைப் பிடுங்கினான். மூடியைத் திறந்து பேசினில் கவிழ்த்தான். எங்களில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பொய் சொல்லக் கூடாது, மூன்று பேர். மூன்றாவது ஆள் நான். துலுக்காணம் கையை விட்டுப் பிசைந்துகொண்டே சொன்னான்: "எல்லாம் வயித்துக்குள்ள போயி ஒண்ணாத்தான் ஆவப்போவுது. ரவ முன்னாடி ஆனா இன்னா குடி மூழ்குது?" யாரோ சிரித்தார்கள். உருண்டை கைக்கு வந்தது. பசி. தின்றுவிட்டேன். அடுத்த வாரம் இரண்டாவது பானையை முனுசாமியே உடைத்தான். கை தவறிவிட்டது என்றான். யாரும் விசாரிக்கவில்லை.

ஆறு வருஷம் அந்தப் பேசின் நடந்தது. நான் கை கழுவிவிட்டு உருண்டை வரும்வரை பேப்பர் படித்துக் காட்டுவேன். அதுதான் என் வேலை. யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் சோற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு விதி இருந்தது, யாரும் எழுதிவைக்காதது. முதலில் உன் தூக்கின் மூடியில் ஒரு கைப்பிடிச் சோறு வைத்துப் பேசின் பக்கம் தள்ள வேண்டும். நடுவில் இருப்பவன் அதை எடுத்துக் கொட்டினால் நீ உள்ளே. எடுக்காமல் விட்டால் நீ வெளியே. அந்த ஆறு வருஷத்தில் யாருடைய மூடியும் நின்றதில்லை.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் முனுசாமியின் காலில் இரும்புக் குழம்பு சிந்தியது. வெறுங்காலோடு கரண்டி பிடிக்கிற காலம். வலது பாதத்தின் மேல்தோல் சாக்குத் துணியோடு சேர்ந்து வந்துவிட்டது. பூட்ஸ் கொடுங்கள் என்று கேட்டோம். மாடியில் போய் நின்று கேட்டோம். பார்க்கிறோம் என்றார்கள். மூன்று மாதம் பார்த்தார்கள். அப்போது துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கப்பலின் கயிற்றைக் கட்டிவைக்கிற இரும்புத் தூண்கள். வியாழக்கிழமை முதல் வார்ப்பு. பேசினைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்தோம். உலை கொதிக்கட்டும். ஊற்றுகிற நேரத்தில் பத்துப் பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டியது. பூட்ஸ் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் எழுந்திருப்பது. பத்துப் பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

எனக்கு அன்றே பயம் பிடித்துக்கொண்டது. பயம் போலீஸைப் பற்றியோ வேலையைப் பற்றியோ இல்லை. உலையைப் பற்றி. இதை மோல்டராக இருப்பவன்தான் புரிந்துகொள்வான், நீயும் பட்டறைப் படிப்பு படித்தவன் என்பதால் சொல்கிறேன். கொதித்த குழம்பை நேரத்துக்கு வெளியே எடுக்காவிட்டால் உலையின் வயிற்றிலேயே உறைந்துபோகும். உளி வைத்து உடைத்தெடுக்க மூன்று வாரம், ஒரு மாதம். சில சமயம் உலையையே இடித்துக் கட்ட வேண்டும். அந்த உலையின் உள்பூச்சு நான் கையால் பூசியது. இரும்பு அதற்குள் செத்துக் கிடப்பதை நினைக்க என்னால் முடியவில்லை. இதை நான் பேசினைச் சுற்றி உட்கார்ந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். கோழை என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை போர்மேனிடம் போய், "கோக் கரி ஈரமா கீது சார், வியாயக்கெயம உலை பத்த வெக்காதீங்க, வெள்ளிக்கெயம வெச்சுக்கலாம்" என்றேன். ஒருநாள் தள்ளிப்போனால் அதற்குள் வேறு வழி பேசிக்கொள்ளலாம் என்று என் கெட்டிக்காரத்தனம்.

போர்மேன் மேலே பார்த்தார். மழை பெய்து இரண்டு மாதம். கோக் தகரக் கொட்டகைக்குள் காய்ந்து கிடந்தது. என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து ராயபுரம் பேக்கரி பன்னை எடுத்து இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். "துன்னுப்பா. நீ நல்லது நெனைக்கிறவன்" என்றார். பதிமூன்று வருஷத்தில் அவர் கையால் எனக்கு எதுவும் கொடுத்ததில்லை. வாங்கித் தின்றேன். வெண்ணெய் தடவியிருந்தது. திரும்பினால் துலுக்காணம் மணல் கூடையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது.

புதன்கிழமை காலை வாசல் பூட்டியிருந்தது. போர்டில் ஒன்பது பேர் பெயர். சதி செய்ததற்காக வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவர்கள். என் பெயர் மூன்றாவது. பத்தாவது பெயர் இல்லை. துலுக்காணத்தின் பெயர்.

அந்தப் பட்டியலைப் போட்டவனின் மூளையைப் பார். என் பெயரைச் சேர்த்ததால் நான் சுத்தமானேன். அவன் பெயரை விட்டதால் அவன் அழுக்கானான். ஒரு பெயரை எழுதாமல் விட மசிகூட செலவாகாது. அதற்குள் யாரோ சொன்னார்கள், செவ்வாய்க்கிழமை சாயந்திரம் துலுக்காணம் மானேஜர் பங்களாவின் பின்வாசல் வழியாகக் கூடையோடு வந்ததைப் பார்த்தேன் என்று. அவன் பெண்சாதி அந்தப் பங்களா சமையலுக்கு மீன் போடுகிறவள். அவளுக்கு உடம்பு சரியில்லாததால் அவன் கொண்டுபோய்ப் போட்டான். இதை அவன் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. எனக்கு மட்டும் அது உண்மை என்று தெரியும். எப்படிச் செய்தி போனது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. காய்ந்த கோக்கை நான் ஈரம் என்றதிலேயே போர்மேன் வியாழக்கிழமையை மோப்பம் பிடித்துவிட்டார். அவன் என்னைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று பயந்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். "அவன் பேரு மட்டும் இன்னாத்துக்கு இல்ல? கேளுங்க" என்றேன்.

இவ்வளவுதான். அடித்தேன், குத்தினேன் என்று பெரிய குற்றம் எதுவுமில்லை. ஒரு கேள்வி கேட்டேன்.

பதினெட்டு நாள் வெளியே நின்றோம். இதைக் கவனி: பெயர் இல்லாத துலுக்காணமும் பதினெட்டு நாளும் உள்ளே போகவில்லை. எங்களோடு வெயிலில் நின்றான். அது ஒன்றே போதும், அவன் யார் என்று தெரிய. ஆனால் சந்தேகம் வந்த கண்ணுக்கு எல்லாம் சாட்சிதான். வேவு பார்க்க நிற்கிறான் என்றார்கள். அதைச் சொன்னது நான் இல்லை. நான் மறுக்கவும் இல்லை. பிறகு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பூட்ஸ் இல்லாமல் உள்ளே போனோம். முதல் நாள் மதியம் பேசினைச் சுற்றி உட்கார்ந்தோம். துலுக்காணம் தன் மூடியில் ஒரு கைப்பிடி வைத்துத் தள்ளினான். அன்று நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை. "தொர வூட்டுப் பின்வாசல்ல போறவன் சோறு நமக்கு வாணாம்" என்றேன். என் நாக்கில் வெண்ணெய் ருசி வந்தது. சத்தியமாக வந்தது.

அவன் சண்டை போடவில்லை. மூடியை இழுத்துக்கொண்டு தன் சோற்றைத் தின்றான். மறுநாளும் மூடியில் ஒரு கைப்பிடி வைத்துத் தள்ளினான். அதற்கு மறுநாளும். வஞ்சிரம் போட்ட அன்றும், வெறும் ஊறுகாய் கொண்டுவந்த அன்றும். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்தாறு நாள். இருபத்தேழாம் நாள் அவன் வேலைக்கு வரவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டான் என்றார்கள். அன்று காக்கைகூட மணல் மேட்டுப் பக்கம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தன. எல்லா நாளும்போலத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து டிராயிங் ஆபீஸ் பீட்டர் ஒரு படத்தோடு மணல் மேட்டுக்கு வந்தான். பெரம்பூரில் அக்காள் வீட்டில் இருந்த சட்டைக்காரப் பையன், ஆங்கிலோ இந்தியன். கையில் எப்போதும் ஒரு கிழிந்த அகராதி. ஒரே பேசினில் ஒன்பது கைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். "யூ நோ மேன், வாசல்ல பெரிசா எழுதிகீதே கம்பெனின்னு, அது ரொட்டி மேன்" என்றான். நாங்கள் சிரித்தோம். அவன் விடவில்லை. ராயபுரம் மாதா கோயிலில் சாமியார் ஓதுகிறாரே, அந்த லத்தீன் பாஷையில் இருந்து வந்த சொல்லாம். அதில் முன்பாதி என்றால் கூட, பின்பாதி என்றால் ரொட்டி. "ஒரே ரொட்டிய ஒண்ணா குந்திகினு பிச்சித் துன்றவன்தான் கம்பெனி. மேல கீறவன்லாம் தனித்தனி பிளேட்டு. நீங்கதான் மேன் அசல் கம்பெனி" என்றான். முனுசாமிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து சங்கு ஊதினால், "கம்பெனி கூடலாமா?" என்பான். எட்டு வருஷமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் அன்று உருண்டையைப் பாதியில் வைத்துவிட்டேன். ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன் என்றால், நான் யாரோடு பிய்த்துத் தின்றேன்? அகராதிப்படி பார்த்தாலும் சூப்பரின்டெண்ட் உன்னிடம் பொய் சொல்லவில்லை.

முனுசாமி இன்றும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். பூட்ஸ் இரண்டு வருஷம் கழித்து வந்தது, உலைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும். அவன் தினமும் தன் சோற்றை முதலில் என் பக்கம் தள்ளுகிறான், நான் அவனுக்காக வேலை இழந்து நின்றவன் என்று.

உனக்கு உத்தரவு வந்த வாரம் நான் காசிமேட்டுக்குப் போனேன். அம்மாவிடம் மீன் வாங்கப் போகிறேன் என்றேன். துலுக்காணம் மறுபடி கடலுக்கே போய்விட்டான். வலையைக் காலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "வா. துன்னியா?" என்றான். தின்றுவிட்டேன் என்றேன். "சோறு எறங்குதா?" என்றான். நான் மணலில் உட்கார்ந்து, அன்றைக்கு நீ ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"சொல்லிகீலாம்" என்றான். "சொன்னா உன்னத் தள்ளுவாங்கோ. நாளைக்கு நீ இன்னொருத்தனச் சொல்வ. அப்பால அவனவன் ஒரு மூலையில குந்திகினு அவனவன் தூக்கத் துன்னுவான். எனக்குக் கடல் கீது. முன்சாமிக்கு இன்னா கீது? அந்தப் பேசின்தான கீது."

நான் பட்டறையில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "சொல்லு. பேர மட்டும் ஒயுங்காச் சொல்லு. போன தபா அவன்னுதான் சொன்ன. துலுக்காணம்னு ஒனக்கு வாயில வர்ல" என்றான். பிறகு மீன் கொடுத்தான். நீங்கள் அன்று ருசியாக இருக்கிறது என்று சொன்ன மீன் அதுதான்.

சரி, உனக்கு நான் என்ன சொல்வது? யாரையும் சந்தேகப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தேகப்படு. மாடிமேலிருந்து வருகிற ஒவ்வொரு கனிவையும் சந்தேகப்படு. உன்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். டீ வரும். எதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள், என் உடம்பைப் பற்றி விசாரிப்பார்கள், முனுசாமியின் கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்பார்கள். ஒரு வேலைநிறுத்தக்காரன் மகனுக்கு, இருக்கிற படித்த பையன்களை எல்லாம் விட்டுவிட்டு, ஏன் இந்த வேலை வந்தது என்று நீ யோசித்தாயா? உன் மார்க்குக்காக என்று நீ நினைக்கிறாய். இருக்கலாம். உன் மார்க் நல்ல மார்க்தான். ஆனால் அப்பன் ஒருதரம் பாதிப் பன்னுக்கு வாய் திறந்தவன், மகன் முழுப் பன்னுக்குத் திறக்க மாட்டானா என்று ஒரு கணக்கு அந்த மாடியில் ஓடுகிறது என்று நான் நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் உனக்கு நஷ்டமில்லை.

அதைவிட முக்கியமாக, உன் நல்லெண்ணத்தைச் சந்தேகப்படு. நான் காசுக்காகச் சொல்லவில்லை, விரோதத்துக்காகச் சொல்லவில்லை. உலைக்கு நல்லது, வேலைக்கு நல்லது, எல்லாருக்கும் நல்லது என்றுதான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து தின்கிறவனிடம் சொல்ல முடியாத நல்லதை மேலே போய்ச் சொல்லத் தோன்றினால், அங்கேயே நில். நாக்கைக் கடித்துக்கொள். ரத்தம் வந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் இருப்பவன் மேல் சந்தேகம் வந்தால் நூறு தரம் யோசி, அந்தச் சந்தேகத்தை உன் கையில் யார் கொடுத்தது என்று. யாருடைய பெயர் பட்டியலில் இல்லை என்று பார்க்கிறவன் பட்டியலை எழுதியது யார் என்று பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். அதனால்தான் என்னைவிட மற்ற எட்டுப் பேரும் மேல்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதியது இல்லை. நான் மணல் மேட்டில் பேப்பர் படிக்கிறவன் என்று சொன்னேனே, திங்கட்கிழமை மதியம் பேப்பருக்குப் பதில் இதைத்தான் படிக்கப் போகிறேன். முனுசாமி முன்னால். துலுக்காணம் என்று பெயரைச் சொல்லி. அதற்குமுன் நீ படித்துவிட வேண்டும் என்றுதான் இன்று உன் சட்டைப் பையில் வைக்கிறேன். அம்மாவுக்கும் நீயே படித்துக் காட்டு. பேசினில் துலுக்காணத்தின் பங்கு குறைகிறதே என்று அவள் இத்தனை வருஷம் என் தூக்கில் ஒரு கைப்பிடி அதிகமாக வைத்துத்தான் அனுப்புகிறாள், துலுக்காணம் தானாகவே விட்டுவிட்டுப் போனான் என்று நம்பிக்கொண்டு. உன் வேலைக்கு இதனால் கெடுதல் வருமா என்று நீ கேட்கலாம். வரலாம். நான் யார் ஆள் என்று சூப்பரின்டெண்ட் போட்டுவைத்த கணக்கு தப்பாகிவிடும். அதற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். உங்களுக்கு மாடியில் டிபன் ரூம், மேஜை, தனித்தனி பிளேட். அந்த ஜன்னலிலிருந்து மணல் மேடு தெரியும். படித்து முடித்ததும் நான் என் மூடியில் ஒரு கைப்பிடி வைத்துப் பேசின் பக்கம் தள்ளுவேன். நடுவில் இப்போது உட்காருகிறவன் முனுசாமி. அவன் எடுக்க மாட்டான் என்று நினைக்கிறேன். எடுக்கவும் கூடாது, அவ்வளவு சீக்கிரம். நான் தள்ளி உட்கார்ந்து என் தூக்கைத் தின்பேன். நீ அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இறங்கிவந்து என் பக்கத்தில் குந்தாதே. அது எனக்கு வேண்டாம். இறங்கி வருவதானால் உன் தூக்கை எடுத்துக்கொண்டு பேசின் பக்கம் போ. உன்னையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். கஞ்சி போட்ட சட்டையை யார் நம்புவார்கள்? அதற்காகக் கோபப்படாதே, அவர்கள் நம்பாமல் இருப்பதற்கு இந்தக் கடிதமே போதுமான காரணம். மூடியில் ஒரு கைப்பிடி வைத்துத் தள்ளு. மறுநாளும் தள்ளு.

துலுக்காணம் இருபத்தாறு நாள் தள்ளினான், அதுவும் தப்பு செய்யாமலேயே. நமக்கு எத்தனை நாள் என்று தெரியாது. அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை முதல் இரண்டு தூக்கிலும் ஒரு கைப்பிடி அதிகமாகவே வைக்கச் சொல்லி.